சொல்லிச் செய்விக்கும் கலை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் கூடியுள்ள அவையில் கணினியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவோடு உரையாடி இணையச் செயலி அமைப்பது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இயந்திரம் கவிதை எழுதுமா, எழுதினால் அது கவிதையாகுமா என்னும் வினாக்களை நான் இன்று தொடப்போவதில்லை. இயந்திரத்திடம் ஒரு வேலையைச் சொல்லிச் செய்விக்கும்பொழுது நாம் எப்படிச் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் என்ன நேரும் என்பவையே என் பொருள்.

இப்பொருளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பத்தாண்டுகளில் நம் அரங்குகளில் படிக்கப்பெற்ற கவிதைகளைத் திரட்டி இணையத்தில் ஏற்ற வேண்டும் என்னும் எண்ணம் வட்டத்தில் எழுந்திருக்கிறது. நிரலாளர் ஒருவரை அமர்த்தப் பொருள் வசதி இல்லை. பேசினாலே செயலி அமைத்துத் தரும் கருவிகள் வந்துவிட்டனவே, நாமே செய்துகொள்ளலாமே என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். பெரியவர்களோ, நம் கவிதைகளை நமக்குப் புரியாத ஒன்றின் கையில் கொடுப்பதா என்று தயங்குகிறார்கள். இரு சாராரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதனை விளக்க முயல்கிறேன்.

எண்ணிலிருந்து பேச்சுக்கு

கணினிக்குக் கட்டளையிடுதல் தொடக்கத்தில் எண்களால் நிகழ்ந்தது. அவ்வெண்களை மனிதர் ஒவ்வொன்றாக எழுத வேண்டியிருந்த காலத்தில், 1952இல் அமெரிக்கக் கணிதவியலர் கிரேஸ் ஹாப்பர் ஏ-0 என்னும் தொகுப்பியை அமைத்து, அவ்வேலையின் ஒரு பகுதியை இயந்திரத்திடமே ஒப்படைத்தார். 1957இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. வணிகர்களும் அலுவலர்களும் ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளை எழுத இயலும் என்று ஹாப்பர் தொடர்ந்து வாதிட்டார். அவர் வகுத்த ஃப்ளோமேட்டிக் மொழியின் வழியில், 1959இல் தொடங்கிய கூட்டு முயற்சியால் கோபால் மொழி பிறந்தது. மனிதரின் பேச்சை நோக்கிக் கணினியை இழுத்துவரும் பயணம் இவ்வாறு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிட்டது.

இந்தப் பயணத்தை ஐயுற்றவர்களும் உண்டு. நெதர்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1970களின் இறுதியில் வரைந்த சிறு கட்டுரை ஒன்றில், இயல்பான மொழியில் நிரல் எழுத விழைவது பேதைமை என்றே சாடினார். குறியீடுகளைச் சுமை என்று கருதாதீர்கள், அவை நமக்குக் கிடைத்த பேறு என்பது அவர் கருத்து. பேச்சுமொழியில் பொருளற்ற ஒன்றையும் பொருளுள்ளது போலச் சொல்லிவிடலாம். கேட்பவர்க்கும் அது புலப்படாது என்று அவர் எச்சரித்தார். இந்த எச்சரிக்கையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் நிலைமை விரைந்து மாறியது. 2023இல் வெர்சல் நிறுவனத்தின் வி0, 2024இல் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜென்ட், அதே ஆண்டில் போல்ட், சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமிலிருந்து லவபிள் என உரையாடிச் செயலி அமைக்கும் கருவிகள் வரிசையாக வந்தன. 2025 பிப்ரவரியில் ஆந்திரே கார்ப்பதி என்னும் கணினி அறிஞர், நிரலைப் படிக்கவும் செய்யாமல் மனம் போன போக்கில் சொல்லிச் சொல்லியே மென்பொருள் செய்விக்கும் முறைக்கு 'வைப் கோடிங்' என்று பெயரிட்டார். அவ்வாண்டின் சொல்லாகக் காலின்ஸ் அகராதி அதனையே தேர்ந்தெடுத்தது.

கருவி செய்வது என்ன?

திரையின் ஒரு பக்கம் உரையாடும் பெட்டி இருக்கும். மறுபக்கம் உருவாகிவரும் செயலி தெரியும். வேண்டியதைத் தட்டெழுதினால், பின்னணியில் உள்ள பெரு மொழி மாதிரி அதற்கேற்ற நிரலை எழுதுகிறது. பக்கத்தின் அமைப்புக்கு ஹெச்டிஎம்எல், தோற்றத்துக்குச் சிஎஸ்எஸ், இயக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்று இணையத்தில் நெடுங்காலமாகப் பயின்றுவரும் மொழிகளிலேயே எழுதுகிறது. செய்திகளைச் சேர்த்துவைக்கத் தரவுத்தளம் ஒன்றையும் இணைக்கிறது. பிழை கண்டால் மீண்டும் சொல்லலாம்; அது திருத்தும். நிறைவு தந்தால் ஒரு பொத்தானை அழுத்தி உலகுக்கு வெளியிடலாம். பல கருவிகளில் ஒவ்வொரு செய்திக்கும் அல்லது அதற்கான உழைப்பின் அளவுக்கும் கட்டணம் கழியும். ஆகவே தெளிவின்றிச் சொல்வதற்குக் காசும் கொடுக்க வேண்டும்!

இம்மாதிரி எவ்வாறு எழுதுகிறது? அளவிறந்த நூல்களையும் பக்கங்களையும் நிரல்களையும் பயின்று, இன்ன சொல்லுக்குப் பின் இன்ன சொல் வருதல் இயல்பு என்னும் பழக்கத்தைப் பெற்றிருக்கிறது. நாம் சொன்னதைச் செய்யும். நாம் சொல்லாமல் விட்டதையோ, தான் பயின்றவற்றுள் பெருவழக்காக இருப்பதைக் கொண்டு நிரப்பும். இந்த இரண்டாவது இயல்பே நாம் கவனிக்க வேண்டியது.

சொல்லாததை நிரப்புவது யார்?

இவ்வுரைக்காக ஒரு சோதனை செய்தேன். கவிஞர் வட்டம் ஒன்றின் கவிதைகளைத் தொகுத்துக் காட்டும் செயலி வேண்டும் என்று ஒரே ஒரு தொடரை மட்டும் வேண்டுமென்றே எழுதினேன். சில நிமிடங்களில் அழகிய பக்கம் ஒன்று தோன்றியது. அதன் விரைவும் பொலிவும் வியப்பளித்தன என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும் உற்று நோக்குங்கள்.

கவிஞர் தம் பெயரைப் பதிய முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு கட்டங்கள் இருந்தன. இரண்டையும் நிரப்பினாலன்றி உள்ளே விடாது. தந்தையின் பெயர் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே இட்டு எழுதும் நம்மவர்க்குக் குடும்பப்பெயர் ஏது? கவிதைகள் காதல், இயற்கை, ஊக்கம் என்று வகுக்கப்பட்டிருந்தன. மரபுக்கவிதை, புதுக்கவிதை, ஐக்கூ என்னும் நம் பகுப்பு அங்கே இல்லை. எல்லாவற்றினும் வருந்தத்தக்கது, வெண்பா ஒன்றை இட்டபொழுது நான்கு அடிகளும் ஒரே நீண்ட தொடராக ஓடின. ஹெச்டிஎம்எல் மொழி, வேறு கட்டளை இல்லாதபொழுது, புதிய வரியையும் வெற்றிடமாகவே கொண்டு, எத்தனை வெற்றிடம் இருப்பினும் ஒன்றாகச் சுருக்கிவிடும். உரைநடைக்கு அது இடையூறில்லை. அடி எங்கே முடிகிறது என்பதே பொருளாகும் கவிதைக்கு அது கொலை.

இவற்றில் எதுவும் இயந்திரத்தின் பகைமையால் நேர்ந்ததன்று. கவிதையில் சொல்லாமல் விட்ட இடத்தைச் சுவைஞரின் உள்ளம் நிரப்புகிறது. உள்ளுறையும் இறைச்சியும் அவ்வாறு நிரப்புவோர் இருக்கிறார் என்னும் நம்பிக்கையில் வளர்ந்தவை. நிரப்புவோர் நம்மவர், நம் நிலமும் பொழுதும் அறிந்தவர். செயலியில் சொல்லாமல் விட்ட இடத்தை உலகப் பெருவழக்கு நிரப்புகிறது. அவ்வழக்கின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உருவானது. நாம் மௌனமாக இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் நம் செயலி சிறிது சிறிதாக வேற்று மொழியின் செயலியாகிவிடுகிறது.

'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்து?

இதைவிட ஆழமான இடம் ஒன்று உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று முதல் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று விடை வரும். காரணம், ஒருங்குறியில் தகரம் ஒரு குறி. மகரம் ஒரு குறி, அதன்மேல் ஏறும் இகரத்தின் மேல்விலங்கு ஒரு குறி. ழகரம் ஒரு குறி, புள்ளி ஒரு குறி. சேமிக்கும் முறைக்கு இது தவறன்று. எழுத்தெண்ணும் கவிஞர்க்கு இது ஒவ்வாது. கட்டளைக் கலித்துறை எழுதுவோர் அடிக்குப் பதினாறா பதினேழா என்று எண்ணுகிறார்கள். இயந்திரத்தின் எண்ணிக்கையை நம்பினால் கலித்துறை என்னவாகும்?

அகர வரிசையும் அவ்வாறே. ஒருங்குறியின் அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னும் நிற்கின்றன. நம் நெடுங்கணக்கிலோ ற, ன இரண்டும் இறுதியில் வருவன. புள்ளிக்குரிய குறியும் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே இருக்கிறது. ஆகவே குறியெண்களை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தினால் 'அகம்' முன்னும் 'அக்காள்' பின்னும் வரும். நம் அகராதிகளில் மெய் முன்னதாதலின் 'அக்காள்' முன்னே வர வேண்டும்.

இவற்றுக்குத் தீர்வு உண்டு என்பதே நல்ல செய்தி. தமிழ் வரிசை முறையைப் பின்பற்றும் வசதி உலாவிகளிலேயே இருக்கிறது. எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் அலகாகப் பிரிக்கும் வசதியும் இருக்கிறது. நான் கேட்டபொழுது அந்தக் கருவி இரண்டையும் தயக்கமின்றிச் சேர்த்தது. கேட்காதவரை சேர்க்கவில்லை. கேட்பதற்கு நெடுங்கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அது வரிசை பிறழ்ந்திருக்கிறது என்று காணும் கண் வேண்டும். நிரல் அறியாமை இங்கே பெருங்குறை ஆகவில்லை. இலக்கணம் அறியாமை பெருங்குறை ஆகிவிடுகிறது.

வெண்பாவை அலகிட்டுத் தளை பார்க்கும் பகுதி ஒன்றும் வேண்டும் என்று நண்பர் ஒருவர் விரும்பினார். செய்யலாம். ஆனால் குற்றியலுகரம் எங்கே வரும், ஐகாரம் எவ்விடத்தில் குறுகும், ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் எப்படி முடியும் என்பவற்றை நாமே விதியாக வரைந்து தர வேண்டும். தராவிட்டாலும் இயந்திரம் ஒரு விடை சொல்லும். அதுவே அச்சத்துக்குரியது.

நன்னூல் காட்டும் வழி

அப்படியாயின் எவ்வாறு சொல்வது? இங்கேதான் டைக்ஸ்ட்ராவின் எச்சரிக்கைக்குத் திரும்புகிறேன். பேச்சுமொழி மயக்கம் தரும் என்றார் அவர். நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். அதனாற்றான் செய்யுள் வேறு, நூல் வேறு என்று பிரித்து, நூலுக்கு உரிய குற்றங்களையும் அழகுகளையும் வகுத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் நூற்குற்றம் பத்து என்று வரையறுக்கிறது. அவற்றுட் சிலவற்றை இயந்திரத்தோடு பேசும் பேச்சுக்குப் பொருத்திப் பார்த்தேன். வியக்கத்தக்கவாறு பொருந்துகின்றன.

வேண்டியதை முழுதும் சொல்லாமல் விடுவது குன்றக் கூறல். நான் செய்த ஒற்றைத் தொடர்ச் சோதனை இதற்குச் சான்று. இருபது வேண்டுகோள்களை ஒரே செய்தியில் கொட்டுவது மிகைபடக் கூறல். அவற்றுள் சிலவற்றை இயந்திரம் செய்யும், சிலவற்றை விட்டுவிடும்; எவை விடுபட்டன என்று தேடுவதே தனி வேலையாகிவிடும். கவிதைகளை எவரும் படிக்கலாம் என்று முதல் நாள் சொல்லி, உறுப்பினர்க்கு மட்டுமே என்று மறுநாள் சொல்வது மாறுகொளக் கூறல். முன் சொன்னதை நினைவூட்டாமலே பின்னதை அது நிறைவேற்றிவிடக் கூடும்.

மயங்க வைத்தல் கவிஞர்க்கு மிக அருகில் உள்ள குற்றம். ஆண்டு மலர்களைத் தனியே காட்டுக என்று ஒருமுறை எழுதினேன், இரு பொருளில் எதைக் கொள்கிறது பார்க்கலாம் என்று. பக்கத்தின் மேலே ஆண்டு வாரியாகத் தாமரையும் ரோசாவும் பூத்தன! ஒரு சொல்லில் இரு பொருள் வைப்பது சிலேடைக்கு அணி. செயலிக்கு அதுவே பிணி. இரண்டில் ஒன்றை இயந்திரம் ஓசையின்றித் தேர்ந்துகொள்ளும். தேர்ந்ததை நமக்குச் சொல்லாது.

மற்றொன்று விரித்தல் இயந்திரம் செய்யும் குற்றம். அகர வரிசையைத் திருத்துக என்றால், வரிசையைத் திருத்துவதோடு பக்கத்தின் நிறத்தையும் மாற்றிவைக்கும். ஆகவே இதனை மட்டும் செய்க, பிறவற்றைத் தொடாதே என்று எல்லை வகுத்துச் சொல்லுதல் நன்று.

கவிஞர்களே, உங்களுக்கு இரு கைகள் உண்டு. ஒரு கை சொல்லாமல் உணர்த்தும். மறு கை விதியை ஐயமின்றி வரையும். யாப்பு கற்றவர் எவர்க்கும் இந்த இரண்டாவது கை உண்டு. இக்கருவியோடு பேசும்பொழுது நீட்ட வேண்டியது அதனையே.

காவலும் பொறுப்பும்

இனித் தயங்குவோரின் அச்சத்துக்கு வருகிறேன். அது வெற்றச்சமன்று.

நம் பதிவேட்டில் உறுப்பினர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. இத்தகைய செயலிகள் பலவற்றில் உலாவி நேரே தரவுத்தளத்தோடு பேசுகிறது. எந்த வரியை எவர் காணலாம் என்னும் விதியைத் தரவுத்தளத்திலேயே எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் திரையில் எண் தெரியாமல் இருக்கலாம். ஆனால் சிறிது விவரம் அறிந்தவர் உள்ளிருப்பவற்றை எல்லாம் எடுத்துவிடலாம். கதவில் ஓவியம் தீட்டித் தாழ் போடாமல் விட்ட வீடு அது. இவ்வாறு தாழின்றி வெளியான செயலிகளை ஆய்வாளர்கள் 2025இல் கண்டு சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று பலரை விழிக்கச் செய்தது. தொழில்முனைவர் ஒருவர் ரெப்லிட் கருவியைக் கொண்டு செயலி அமைத்துக்கொண்டிருந்தார். எதனையும் மாற்றாதே என்று கட்டளையிட்டிருந்த வேளையில், ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் இருந்த தரவுத்தளத்தை அக்கருவி அழித்துவிட்டது. மீட்க இயலாது என்றும் அவரிடம் சொன்னது. உண்மையில் மீட்க முடிந்தது. நிறுவனத் தலைவர் வருத்தம் தெரிவித்து, சோதனைக்குரிய தரவுத்தளத்தையும் பயன்பாட்டிலுள்ள தரவுத்தளத்தையும் தனித்தனியே வைக்க ஏற்பாடு செய்தார்.

இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. கட்டளை தெளிவாக இருந்தாலும் காவல் தனியே வேண்டும் என்பது ஒன்று. செய்துவிட்டேன் என்று இயந்திரம் சொல்வதும் இயலாது என்று சொல்வதும் சான்றாகா என்பது மற்றொன்று. அரங்கில் ஒருவர் வெண்பா படித்தால், தளை தட்டவில்லை என்று அவர் சொல்வதைக் கேட்டு நாம் கைதட்டுவதில்லை, அலகிட்டுப் பார்க்கிறோம். இயந்திரத்தின் சொல்லையும் அலகிடாமல் ஏற்கலாகாது.

வட்டத்தின் முன் வைப்பவை

ஆகவே கருவியை ஏற்பதா, தள்ளுவதா என்று கேட்டால், ஏற்கலாம் என்பேன். மூன்று பணிகளை முதலில் முடித்துக்கொண்டு ஏற்கலாம் என்பேன்.

முதலாவது, மரபறிந்த மூத்தோரும் கணினியறிந்த இளையோரும் ஒன்றாக அமர்ந்து ஒரு விதி ஏடு எழுத வேண்டும். பெயர் எப்படிப் பதிவாக வேண்டும், அடி எப்படி நிற்க வேண்டும், வரிசை எது, வகை எவை, எவர் எதைக் காணலாம் என்பன அதில் இருக்கட்டும். அந்த ஏடு நம்முடையது. கருவி மாறினாலும் ஏடு மாறாது.

இரண்டாவது, சோதனைக்கென ஒரு தொகுதி வேண்டும். முதலெழுத்து உள்ள பெயர்கள், மெய்யும் உயிர்மெய்யும் கலந்த சொற்கள், வெண்பா ஒன்று, விருத்தம் ஒன்று, வரிகள் சிதறி நிற்கும் புதுக்கவிதை ஒன்று எனத் திரட்டிவைப்போம். கருவி எதனைத் திருத்தினாலும் இவற்றை இட்டுப் பார்த்தபின்னரே வெளியிடுவோம்.

மூன்றாவது, மூலம் நம்மிடமே இருக்கட்டும். கவிதைகள் அனைத்தையும் ஒருங்குறியில் எளிய கோப்புகளாக்கி இரண்டு இடங்களில் காப்போம். அச்சகங்களின் பழைய எழுத்துருக்களில் இருப்பவற்றை மாற்றி, ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்ப்போம். நிரலின் படியையும் அவ்வப்போது எடுத்துவைப்போம். இக்கருவிகள் யாவும் குடக்கூலி வீடுகள். வாடகை உயரலாம், வீட்டுக்காரர் கதவைச் சாத்தலாம். நம் பெட்டி நம் கையில் இருக்குமானால் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். தொலைபேசி எண்களோ முதல் ஆண்டில் அங்கே ஏறவே வேண்டாம்.

இம்மூன்றில் எதற்கும் நிரலாளர் தேவையில்லை. நெடுங்கணக்கு அறிந்தவரும், அலகிடத் தெரிந்தவரும், ஒரு விதியை மயக்கமின்றி எழுத வல்லவரும் தேவை. அத்தகையோர் இத்தனை பேர் ஒருசேர அமர்ந்திருக்கும் இடம் இந்த அவையைப் போல் வேறொன்று எளிதில் வாய்க்காது. விதி ஏட்டின் முதற் கூட்டத்தை அடுத்த திங்கள் கூட்டத்தோடு சேர்த்தே நடத்தலாம் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.